நம்ம ஏரியாவுக்குன்னு ஒரு ஆன்லைன் தளம்: ஓப்பன் சோர்ஸ்ல ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும்

எல்லா ஏரியாவுலயும் ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கு. யாராவது ஒருத்தர் நல்ல எலக்ட்ரீஷியன் நம்பர் இருக்கான்னு கேப்பாங்க, மூணு பேர் நம்பர் போடுவாங்க, மறுநாள் காலையில வர்ற குட்மார்னிங் படங்களுக்கு அடியில அந்த நம்பர் புதைஞ்சு போயிடும், ரெண்டு வாரம் கழிச்சு இன்னொருத்தர் அதே கேள்வியோட வருவாங்க. பதில் சொன்னவங்களுக்கும் அலுத்துப் போயிடும். குரூப்புக்கு 1,024 பேர்னு வரம்பு இருக்கறது ஒரு பக்கம், அதை விடப் பெரிய பிரச்சனை என்னன்னா, அங்க சொல்ற நல்ல விஷயம் எதுவும் தங்கறதில்ல. தங்கணும்னா சொந்தமா ஒரு இடம் வேணும்.

இது புது யோசனை இல்ல. 1973லயே அமெரிக்காவுல பெர்க்லில கம்யூனிட்டி மெமரின்னு ஒண்ணு நடந்துச்சு. ஒரு ரெக்கார்டு கடைக்குள்ள, நோட்டீஸ் போர்டு பக்கத்துல, கம்ப்யூட்டரோட இணைஞ்ச டைப்ரைட்டர் மாதிரி ஒரு டெலிடைப் மெஷினை வச்சாங்க, யார் வேணா வந்து டைப் பண்ணி தகவல் போடலாம், அடுத்தவங்க போட்டதைத் தேடலாம். மக்கள் தெரிஞ்சுக்க வேண்டிய முக்கியமான கமாண்டு ரெண்டே ரெண்டு, ஒண்ணு சேர்க்கறது, இன்னொண்ணு தேடறது. இன்னைக்கும் ஒரு ஏரியா தளத்துக்கு இந்த ரெண்டும் ஒழுங்கா நடந்தா பாதி வேலை முடிஞ்ச மாதிரிதான். அப்புறம் ட்ரூபல், வெப்சைட் கட்டறதுக்கான சாஃப்ட்வேர். ஆண்ட்வெர்ப் யூனிவர்சிட்டி மாணவர்கள் தங்கியிருந்த இடத்துல இன்டர்நெட்டை பங்கு போட்டுக்கிட்டவங்க தங்களுக்குள்ள செய்தி போட்டுக்க ட்ரீஸ் பாய்ட்டார்ட் எழுதின சின்ன தளம்தான் 2001ல ஓப்பன் சோர்ஸா, அதாவது யார் வேணா கோடை எடுத்து பயன்படுத்தலாம், மாத்தலாம்ங்கற மாதிரி, வெளிய வந்து ட்ரூபல் ஆச்சு. டச்சு மொழில கிராமம்னு அர்த்தம் வர்ற டோர்ப்னு டொமைன், அதாவது தளத்தோட அட்ரஸ், வாங்கப் போனவர் எழுத்து மாறி ட்ராப்னு டைப் பண்ணிட்டார், ட்ராப்னா துளி, துளிக்கு டச்சு மொழில இருக்கற வார்த்தைல இருந்து அப்படித்தான் அந்தப் பேர் வந்துச்சு. பக்கத்து ரூம்காரங்களுக்காக எழுதினது உலகம் பூரா ஓடுது.

ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். சாஃப்ட்வேர் போடறது ஒரு நாள் வேலை. அந்தத் தளம் அஞ்சு வருஷம் கழிச்சும் இருக்கான்னு முடிவு பண்றது, அதோட சாவி எத்தனை பேர்கிட்ட இருக்குங்கறதுதான். நாங்க முதல்ல நடத்தின தளம் ஒண்ணு அப்படித்தான் போச்சு. டொமைனை ஒரு நண்பர் தன்னோட ஆபீஸ் மெயில் ஐடில வாங்கியிருந்தார், வேலை மாறிட்டார், ரினியூவல் எச்சரிக்கை எல்லாம் யாருமே பாக்காத இன்பாக்ஸுக்குப் போயிருக்கு. ஒரு நாள் காலையில தளம் திறக்கல. நாலு வருஷம் ஆளுங்க எழுதினது அத்தனையும் சர்வர்ல பத்திரமா கிடக்கு, ஆனா அட்ரஸ் எங்களுது இல்ல. அந்த வலிலதான் இதை இவ்வளவு விரிவா எழுதறேன்.

முதல் படி: மூணு பேர்

சர்வரைத் தொடறதுக்கு முன்னாடி ஆள் சேருங்க. டெக்னிக்கலா தெரிஞ்சவர் ஒருத்தர், ஏரியாவுல எல்லாருக்கும் தெரிஞ்ச முகம் ஒருத்தர், பொறுமையா எழுதற ஆள் ஒருத்தர். மூணு பேருக்கும் பொதுவா ஒரு மெயில் ஐடி உருவாக்குங்க. டொமைன், சர்வர், மெயில் சர்வீஸ் எல்லாமே அந்த ஐடிலதான் இருக்கணும். பாஸ்வேர்டை பிட்வார்டன் மாதிரி ஓப்பன் சோர்ஸ் பாஸ்வேர்டு மேனேஜர்ல வச்சு மூணு பேரும் பகிர்ந்துக்கோங்க, பாஸ்வேர்டோட இன்னொரு கோடும் கேக்கற டூ ஃபேக்டர் போட்டா அதோட ரெக்கவரி கோடை பிரிண்ட் எடுத்து ரெண்டு பேர் வீட்டுல வைங்க.

டொமைன் பேர் சின்னதா, போன்ல வாயால சொன்னா எழுதற மாதிரி இருக்கணும். ஆட்டோ ரினியூவலை ஆன் பண்ணுங்க, ஆனா அதை மட்டும் நம்பாதீங்க, ஏன்னா கார்டு எக்ஸ்பயர் ஆனா ஆட்டோ ரினியூவலும் வேலை செய்யாது. மூணு பேர் காலண்டர்லயும் தேதி போட்டு வைங்க. டாட் காம், டாட் ஆர்க் மாதிரி டொமைன்கள் காலாவதியாகி அழிஞ்ச பிறகும் மீட்டெடுக்க 30 நாள் அவகாசம் உண்டு, அது தாண்டிட்டா யார் வேணா வாங்கிக்கலாம்.

ரெண்டாவது படி: எந்த சாஃப்ட்வேர்

இங்கதான் எல்லாரும் ஒரு மாசம் விவாதம் பண்ணி சோர்ந்து போவாங்க. உங்க தளத்துல மக்கள் வந்து முக்கியமா என்ன பண்ணப் போறாங்கன்னு ஒரே ஒரு வரி எழுதிப் பாருங்க, முடிவு தானா வந்துடும். அறிவிப்பு, நிகழ்ச்சி விவரம் மாதிரி சிலர் எழுதி பலர் படிக்கறதுன்னா வேர்ட்பிரஸ் போதும், ஆளுக்கொரு ப்ரொஃபைல், குழுக்கள் எல்லாம் வேணும்னா அது மேல பட்டிபிரஸ் ப்ளக்இன் போட்டுக்கலாம். தகவலை வகைவகையா பிரிச்சு, தொழில் டைரக்டரி, ஆவணங்கள்னு கட்டமைக்கணும்னா ட்ரூபல், ஆனா கத்துக்க நேரம் எடுக்கும். எல்லாரும் பேசணும், கேக்கணும், பதில் தேடணும்னா டிஸ்கோர்ஸ், ஃபிளாரம், பிஹெச்பிபிபி மாதிரி ஃபோரம் சாஃப்ட்வேர். பல தளங்கள் ஒரே சர்வரைப் பங்கு போட்டுக்கற ஷேர்டு ஹோஸ்டிங் மட்டும்தான் கைல இருக்குன்னா பிஹெச்பில ஓடற பிஹெச்பிபிபி, ஃபிளாரம் பக்கம் போங்க. தனியா ஒரு விபிஎஸ், அதாவது நமக்குன்னே வாடகைக்கு ஒரு விர்ச்சுவல் சர்வர், எடுக்க முடியும்னா நான் டிஸ்கோர்ஸ்தான் சொல்வேன், இந்த வழிகாட்டியோட மிச்சம் அதை வச்சுத்தான்.

டிஸ்கோர்ஸ் 2013ல வந்தது, ஜிபிஎல் லைசென்ஸ், உள்ள ரூபி ஆன் ரெய்ல்ஸ், போஸ்ட்கிரெஸ், ரெடிஸ் எல்லாம் ஓடுது, ஆனா அதை நீங்க தனித்தனியா போட வேண்டாம், சாஃப்ட்வேரை கன்டெய்னர்னு ஒரே பெட்டியா கட்டி ஓட்டற டாக்கருக்குள்ள எல்லாம் சேர்ந்தே வந்துடும். ஓப்பன் சோர்ஸ்ங்கறதால காசு மிச்சம்னு பலர் நினைக்கறாங்க. எனக்கு அதை விட முக்கியம், மொத்த டேட்டாபேஸும் ஒரே ஃபைலா என் கைக்கு வரும், எந்த சர்வருக்கு வேணா தூக்கிட்டுப் போகலாம், எந்த நிறுவனம் மூடினாலும் எங்க பேச்சு எங்ககிட்ட இருக்கும்.

மூணாவது படி: சர்வரும் பூட்டும்

2 ஜிபி ராம், 20 ஜிபிக்கு மேல டிஸ்க் இருக்கற விபிஎஸ் எடுங்க. 1 ஜிபிலயும் ஸ்வாப் (டிஸ்க்ல கொஞ்ச இடத்தை ராம் மாதிரி பயன்படுத்தறது) போட்டு ஓட்டலாம், அப்டேட் நேரத்துல திணறும். உபுண்டு லினக்ஸோட எல்டிஎஸ் பதிப்பு போடுங்க, 24.04 மாதிரி, அதுக்கு அஞ்சு வருஷம் செக்யூரிட்டி அப்டேட் வரும்.

சர்வர் கைக்கு வந்ததும் முதல் வேலை, எஸ்எஸ்ஹெச் கீ, அதாவது தூரத்துல இருந்து சர்வருக்குள்ள நுழையற டிஜிட்டல் சாவி, உருவாக்கி அதால மட்டும் உள்ள போற மாதிரி மாத்தி பாஸ்வேர்டு லாகினை மூடறது. இதுல ஒரு சின்ன ஜாக்கிரதை. செட்டிங்கை மாத்தி சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணினதும், ஏற்கனவே திறந்திருக்கற டெர்மினலை மூடிடாதீங்க. அதை அப்படியே விட்டுட்டு இன்னொரு டெர்மினல் திறந்து கீ வச்சு உள்ள போக முடியுதான்னு பாருங்க. போச்சுன்னா மூடலாம், போகலைன்னா பழைய ஜன்னல்ல இருந்து சரி பண்ணலாம். ஃபயர்வால் போடும்போதும் இதே கதைதான், எஸ்எஸ்ஹெச் உள்ள வர்ற 22ம் போர்ட்டை அனுமதிச்ச பிறகுதான் ஃபயர்வாலை ஆன் பண்ணணும், கூடவே வெப்சைட்டுக்கான 80, 443 ரெண்டும் திறந்திருக்கணும். டாக்கர் வெளிய திறக்கற போர்ட்டுகள் யுஎஃப்டபிள்யூ (உபுண்டுல வர்ற ஃபயர்வால்) விதிகளைத் தாண்டிப் போயிடும்ங்கறதையும் மனசுல வச்சுக்கோங்க, யுஎஃப்டபிள்யூ இருக்கேன்னு தைரியமா வேற கன்டெய்னர் எதையும் அந்த சர்வர்ல ஓட்டாதீங்க. செக்யூரிட்டி அப்டேட் தானா போடற அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸை ஆன் பண்ணிடுங்க.

டொமைன் பக்கம், பேரை சர்வரோட ஐபிக்கு இணைக்கற ஏ ரெக்கார்டு ஒண்ணு போடுங்க. நடுவுல ப்ராக்ஸி சர்வீஸ் எதாவது வச்சிருந்தா இன்ஸ்டால் முடியற வரைக்கும் ஆஃப்ல வைங்க.

நாலாவது படி: மெயில்

இதை யாரும் பெரிசா எடுத்துக்க மாட்டாங்க, ஆனா தளம் நின்னு போறதுல பாதி இங்கதான் நடக்குது. டிஸ்கோர்ஸ் முழுக்க மெயிலை நம்பி இருக்கு. கணக்கு உறுதி பண்றது, பாஸ்வேர்டு மாத்தறது, யாராவது பதில் போட்டா சொல்றது, வாரம் ஒரு முறை சுருக்கம் அனுப்பறது, எல்லாம் மெயில்தான். அந்த வாராந்திர மெயிலைப் பாத்துத்தான் பாதிப் பேர் திரும்பவும் தளத்துக்கு வருவாங்க. அது ஸ்பாம்ல விழுந்தா தளம் அமைதியாகிடும், காரணம் யாருக்கும் புரியாது.

சொந்த சர்வர்ல இருந்தே மெயில் அனுப்பலாம்னு ஆசைப்படாதீங்க. பெரும்பாலான விபிஎஸ் கம்பெனிகள் வெளிய போற 25ம் போர்ட்டை மூடித்தான் வச்சிருக்காங்க, திறந்தாலும் புது ஐபிய மெயில் நிறுவனங்கள் நம்பாது. மெயில் அனுப்பறதுக்குன்னே இருக்கற சர்வீஸ் ஒண்ணுல கணக்கு தொடங்கி 587ம் போர்ட் வழியா அனுப்புங்க. அவங்க சில டிஎன்எஸ் ரெக்கார்டு கொடுப்பாங்க, அதை டொமைன்ல சேர்க்கணும்.

எஸ்பிஎஃப்ங்கறது இந்த டொமைன் பேர்ல மெயில் அனுப்ப யாருக்கு அனுமதின்னு சொல்ற பட்டியல். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் ரெக்கார்டுதான் இருக்கணும். ஏற்கனவே ஒண்ணு இருக்க, புது சர்வீஸ் கொடுத்ததை ரெண்டாவதா சேர்த்தா ரெண்டுமே செல்லாம போயிடும், ரெண்டையும் ஒரே வரில இணைக்கணும். டிகேஐஎம்ங்கறது ஒவ்வொரு மெயில்லயும் போடற கையெழுத்து. டிமார்க்ங்கறது இந்த ரெண்டும் தப்பா இருந்தா மெயிலை என்ன பண்ணணும்னு சொல்ற கட்டளை, ஆரம்பத்துல ஒண்ணும் பண்ணாம அறிக்கை மட்டும் அனுப்புன்னு வைங்க, எல்லாம் சரியா போகுதுன்னு தெரிஞ்சதும் இறுக்குங்க. 2024 பிப்ரவரில இருந்து ஜிமெயிலும் யாஹூவும் இந்த விஷயத்துல கண்டிப்பா ஆயிட்டாங்க, எஸ்பிஎஃப், டிகேஐஎம் எதுவும் இல்லாம அனுப்பினா ஸ்பாம்ல போடலாம், கதவுலயே திருப்பியும் விடலாம்.

தளத்தை நிறுவறதுக்கு முன்னாடியே உங்க ஜிமெயிலுக்கு ஒரு சோதனை மெயில் அனுப்பி, மெயிலைத் திறந்து மூணு புள்ளி மெனுல ஒரிஜினலைக் காட்டுன்னு இருக்கும் பாருங்க, அதை அழுத்துங்க. மேல எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூணுக்கும் நேரா பாஸ்னு வரணும். வந்தா அடுத்த படிக்குப் போங்க.

அஞ்சாவது படி: நிறுவறது

மத்ததெல்லாம் ஒழுங்கா பண்ணியிருந்தா இது சுலபம். டாக்கரைப் போட்டு, டிஸ்கோர்ஸ் டாக்கர் ரெப்போவை (கோடு இருக்கற இடம்) வார் (/var) ஃபோல்டருக்குள்ள டிஸ்கோர்ஸ்ங்கற பேர்ல குளோன் பண்ணி, உள்ள போய் செட்டப் ஸ்கிரிப்டை ஓட்டுங்க. டொமைன் பேர், அட்மின் மெயில், எஸ்எம்டிபி முகவரி (மெயில் சர்வீஸ் கொடுக்கற, மெயில் அனுப்பற சர்வரோட முகவரி), போர்ட், யூசர்நேம், பாஸ்வேர்டுன்னு கேக்கும். ராம் கம்மின்னா ஸ்வாப் போடவான்னு அதுவே கேக்கும், சரின்னு சொல்லுங்க. தளத்தைப் பாதுகாப்பா திறக்க வேண்டிய லெட்ஸ் என்கிரிப்ட் சர்டிஃபிகேட்டையும் அதுவே இலவசமா வாங்கி, 90 நாளுக்குள்ள தானா புதுப்பிச்சுக்கும். சின்ன சர்வர்ல கட்டி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும், ஸ்க்ரீன்ல வரி வரியா ஓடறதைப் பாத்து பயந்து நடுவுல நிறுத்தாதீங்க.

முடிஞ்சதும் ப்ரவுசர்ல டொமைனைத் திறந்து அட்மின் கணக்கைப் பதிவு பண்ணுங்க. உறுதி மெயில் வரலைன்னா மெயில் செட்டிங்லதான் தப்பு, கன்டெய்னருக்குள்ள போய் கமாண்டு வழியா அட்மினை உருவாக்கிட்டு அப்புறமா மெயிலை சரி பண்ணலாம். உங்களுக்கு மட்டும் இல்ல, மத்த ரெண்டு பேருக்கும் அன்னைக்கே அட்மின் உரிமை கொடுத்துடுங்க.

தமிழுக்காக சில செட்டிங்

தலைப்புல இருந்து உருவாகற யுஆர்எல் பகுதிக்கு ஸ்லக்னு பேர். அது ஆஸ்கில, அதாவது ஆங்கில எழுத்து மட்டும்னு, இருந்தா தமிழ் தலைப்பு எதுவும் அதுல வராது. என்கோடட்னு மாத்தினா தமிழ் வரும், ஆனா லிங்கை காப்பி பண்ணும்போது ஒவ்வொரு தமிழ் குறியீடும் மூணு பைட், ஒவ்வொரு பைட்டும் மூணு எழுத்தா விரியும், அதாவது ஒரு குறியீட்டுக்கு ஒன்பது எழுத்து. வாட்ஸ்அப்ல பகிர்ந்தா லிங்கே ஒரு பத்தியா தெரியும். ஸ்லக் வேண்டாம்னு வச்சா லிங்கு குட்டியா, எண்ணோட மட்டும் இருக்கும். நான் அதைத்தான் வச்சிருக்கேன், ஏன்னா எங்க ஆளுங்க தளத்துக்கு வர்றதே பகிர்ந்த லிங்கு வழியாத்தான்.

தமிழ்ல யூசர்நேம் வேணும்னா யுனிகோட் யூசர்நேம்ஸ்ங்கற செட்டிங்கை ஆன் பண்ணணும். பதிவுக்கும் தலைப்புக்கும் குறைஞ்சபட்ச நீளம் இருக்கும், "நன்றிங்க"ன்னு ஒத்தை வார்த்தை போட்டா ஏத்துக்காது, வயசானவங்க ஏன்னு புரியாம போயிடுவாங்க, அதைக் குறைச்சு வைங்க. பட்டன்ல, மெயில்ல வர்ற வாசகம் ஒவ்வொண்ணையும் அட்மின் பக்கத்துலயே மாத்திக்கலாம். வரவேற்பு மெயிலை மட்டுமாவது உங்க பேச்சுல, உங்க மூணு பேரோட பேரைப் போட்டு எழுதுங்க. வரி இடைவெளியைக் கொஞ்சம் கூட்டுங்க, தமிழ் எழுத்துக்கு மேலயும் கீழயும் இடம் வேணும். அப்புறம் ஒரு பழைய, சின்ன ஸ்க்ரீன் போனை வாங்கி அதுல முழுசா படிச்சுப் பாருங்க.

ஆறாவது படி: ஆள் வர்றதுக்கு முன்னாடி உள்ள என்ன இருக்கு

பதினஞ்சு பிரிவு ஆரம்பிச்சு பதினாலு காலியா கிடக்கற தளத்தை நிறையப் பாத்திருக்கேன். நாலு போதும். கேள்வி பதில், அறிவிப்பும் நிகழ்ச்சியும், வாங்க விக்க, தொலைஞ்சது கிடைச்சது. அஞ்சாவது வேணும்னு மக்களே கேக்கட்டும்.

கதவைத் திறக்கறதுக்கு முன்னாடி நீங்க மூணு பேரும் சேர்ந்து முப்பது பதிவு போடுங்க, போலிக் கணக்குல இல்ல, சொந்தப் பேர்ல. வாட்ஸ்அப் குரூப்ல திரும்பத் திரும்ப வர்ற இருபது கேள்விய எடுத்து ஒவ்வொண்ணுக்கும் முழுப் பதிலா எழுதுங்க, யாரோட நம்பரைப் போட்டாலும் அவங்களைக் கேட்டுட்டுப் போடுங்க. அடுத்த தடவை குரூப்ல அந்தக் கேள்வி வரும்போது பதில் டைப் பண்ணாம லிங்கை மட்டும் போடுங்க. எங்களுக்கு முதல் நூறு பேர் வந்தது இப்படித்தான், விளம்பரத்துல ஒருத்தர் கூட வரல.

எல்லாரும் எழுதுவாங்கன்னு எதிர்பாக்காதீங்க. 2006ல வெப்சைட் பயன்பாட்டு நிபுணர் ஜேக்கப் நீல்சன் எழுதின கணக்கு ஒண்ணு இருக்கு, ஆன்லைன் குழுக்கள்ல 90 சதவீதம் பேர் படிப்பாங்க, 9 சதவீதம் பேர் எப்பவாவது எழுதுவாங்க, 1 சதவீதம்தான் நிறைய எழுதுவாங்கன்னு. படிச்சுட்டுப் போறவங்களும் பயன் அடையறவங்கதான், அவங்களை எழுதுங்க எழுதுங்கன்னு நச்சரிக்க வேண்டாம். அந்த ஒரு சதவீதத்தைக் கண்டுபிடிச்சு நேர்ல போய்ப் பாத்து நன்றி சொல்லுங்க. கணக்குத் திறக்கத் தெரியாதவங்க பக்கத்துல உக்காந்து ஒரு தடவை திறந்து கொடுங்க.

ஏழாவது படி: சண்டை வரும்

ஏரியா தளத்துக்கும் மத்த தளத்துக்கும் பெரிய வித்தியாசம், இங்க திட்டிக்கறவங்க மறுநாள் லிஃப்ட்ல நேருக்கு நேர் பாத்துக்கணும். எங்க தளத்துல ஒருத்தர், தன் வாசலை மறிச்சு நின்ன காரை நம்பர் பிளேட்டோட போட்டோ எடுத்துப் போட்டார். அரை மணி நேரத்துல நாப்பது பதில். நாங்க பண்ணினது, பதிவை அழிக்கல, மறைச்சோம், ரெண்டு பேருக்கும் போன் பண்ணினோம். கார்க்காரர் ஆஸ்பத்திரி அவசரத்துல விட்டுட்டு ஓடியிருக்கார். அன்னைக்கு சாயங்காலமே அடையாளம் தெரியற படம் போடக்கூடாதுன்னு விதிகள்ல ஒரு வரி சேர்த்தோம். விதிகள் பத்து வரி போதும், ஆனா ஒவ்வொரு வரியும் எல்லாருக்கும் ஒண்ணா பொருந்தணும், அட்மினுக்கும் சேர்த்து.

டிஸ்கோர்ஸ்ல டிரஸ்ட் லெவல்னு 0ல இருந்து 4 வரைக்கும் இருக்கு. புதுசா வர்றவர் அஞ்சு தலைப்பைத் திறந்து, முப்பது பதிவு படிச்சு, பத்து நிமிஷம் செலவழிச்சா 0ல இருந்து 1க்கு வருவார், அது வரைக்கும் நிறைய லிங்கு, படம் போட முடியாது, ஸ்பாம் ஆளுங்க இங்கயே நின்னுடுவாங்க. புதுத் தளத்துல முதல் அம்பது பேர் சேர்ற வரைக்கும் பூட்ஸ்ட்ராப் மோடுன்னு ஒண்ணு ஆன்ல இருக்கும், அதுல எல்லாரும் நேரா 1ல வந்துடுவாங்க, அதனால அந்த சமயத்துல புதுக் கணக்குகளை நீங்களே கண்ணால பாத்து அனுமதிங்க.

பொதுவா யார் வேணா படிக்கட்டும், தேடல்லயும் வரட்டும். ஆனா வீட்டு முகவரி, ஊருக்குப் போற தேதி, குழந்தைங்க பத்தின விஷயம் வர்ற பிரிவு ஒண்ணை உறுப்பினர் மட்டும் பாக்கற மாதிரி பூட்டி வைங்க. படத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கற லொகேஷன் தகவலை நீக்கற செட்டிங் ஆன்ல இருக்கான்னும் ஒரு தடவை பாத்துடுங்க.

எட்டாவது படி: பேக்அப், அதை விட முக்கியமா ரீஸ்டோர்

தினம் ஒரு பேக்அப், படங்களோட சேர்த்து, இன்னொரு கம்பெனியோட ஸ்டோரேஜுக்கு தானா போகணும். அதே சர்வர்ல இருக்கற பேக்அப்பால பிரயோஜனம் இல்ல, டிஸ்க் போனா ரெண்டும் சேர்ந்தே போகும். மாசம் ஒரு காப்பி யாராவது ஒருத்தர் வீட்டு ஹார்ட் டிஸ்க்குக்கு வரட்டும். பலருக்குத் தெரியாதது, கன்டெய்னர் ஃபோல்டர்ல ஆப்ங்கற பேர்ல இருக்கற கான்ஃபிகரேஷன் ஃபைல் இந்த பேக்அப்ல வராது, மெயில் பாஸ்வேர்டு எல்லாம் அதுலதான் இருக்கு, அதைத் தனியா பாஸ்வேர்டு மேனேஜர்ல போட்டு வைங்க. அப்டேட்டை மாசம் ஒரு தடவையாவது போடுங்க, போடறதுக்கு முன்னாடி ஒரு பேக்அப்.

ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஒத்திகை பாக்கணும். சர்வர் கட்டின ஆள் கைகட்டி உக்காரணும், மத்த ரெண்டு பேர்ல ஒருத்தர், எழுதி வச்ச குறிப்பை மட்டும் பாத்து, புது சர்வர் ஒண்ணுல தளத்தை உயிரோட கொண்டு வரணும். எங்க குழுவுல எழுத்து வேலை பாக்கற அக்கா முதல் ஒத்திகைல நாலு மணி நேரம் எடுத்துக்கிட்டாங்க. பேக்அப் எடுத்த பதிப்பை விடப் பழைய டிஸ்கோர்ஸ்ல ரீஸ்டோர் ஆகாதுங்கறது குறிப்புல இல்ல, ரீஸ்டோருக்கு அனுமதி தர்ற செட்டிங்கை முதல்ல ஆன் பண்ணணும்ங்கறதும் இல்ல. எல்லாம் வந்த பிறகும் உறுப்பினர் யாருக்கும் மெயில் போகல, அரை மணி நேரம் தேடினாங்க. ரீஸ்டோர் ஆனதும் டிஸ்கோர்ஸ் மெயிலைத் தானா நிறுத்தி வச்சுடும், ஒத்திகை சர்வர்ல இருந்து நிஜ ஆளுங்களுக்கு மெயில் போயிடக்கூடாதுன்னு. நிஜமாவே சர்வர் மாத்தும்போது அதை நாமதான் திரும்ப ஆன் பண்ணணும். மூணையும் அவங்களே குறிப்புல, அவங்க பாஷைல சேர்த்தாங்க. அடுத்த ஒத்திகை அம்பது நிமிஷத்துல முடிஞ்சுது, நான் கீபோர்டைத் தொடல.